கலப்பா? கலப்படமா?

பாலில் தண்ணீர் கலந்தால் அதற்குப் பெயர் கலப்படம். பிடிபட்டால் அபராதம், வழக்கு, அவமானம். ஆசிரியர் பயிற்சியில் தண்ணீர் கலந்தால் அதற்குப் பெயர் 'கலப்புமுறைக் கற்றல்'! இங்கே பிடிபடுவோர் யாருமில்லை. பட்டமளிப்பு விழா நடத்தி, சால்வை போர்த்தி, புகைப்படமும் எடுத்துக் கொள்கிறார்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

சில வாரங்களுக்கு முன்பு ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்த நேரம். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மடித்து வைத்த துண்டுப் பிரசுரத்தோடு அருகில் வந்தார். "ஹஜ்ரத், இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. மக பி.எஸ்ஸி. முடிச்சுட்டா. டீச்சராகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வீட்ல இருந்தபடியே பி.எட். முடிச்சிரலாமாம். பரீட்சைக்கு மட்டும் போனாப் போதுமாம். நமக்கும் அதுதானே நல்லது?" என்றார்.

வாங்கிப் படித்தேன். வழவழப்பான காகிதம். சிரித்த முகத்தோடு மடிக்கணினி வைத்திருக்கும் ஒரு பெண்ணின் படம். 'பிளெண்டட் முறையில் பி.எட்.! வருகை கட்டாயமில்லை! கைப்பேசியிலேயே வகுப்பு! பயிற்சிப் பதிவேடுகள் தயாரித்துத் தரப்படும்!' கீழே ஓர் அலைபேசி எண். கல்லூரியின் பெயர் பொடி எழுத்தில். ஊர் வேறு மாநிலம்.

கடைசி வாசகத்தை மறுபடியும் படியுங்கள். பயிற்சிப் பதிவேடுகள் தயாரித்துத் தரப்படும்! அதாவது உங்கள் மகள் எந்த வகுப்பறையிலும் கால் வைக்க மாட்டாள். ஆனால் இத்தனை நாள் இந்தப் பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்தினாள் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து யாரோ ஒருவர் கொடுத்து விடுவார். பச்சைப் பொய்! அந்தப் பொய்யைக் கையில் வைத்துக் கொண்டுதான் அவள் நாளை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

"பாய், இது வேண்டாம்" என்றேன். அவர் முகம் வாடிப் போனது. ஏன் வேண்டாம் என்று அன்று நின்றபடி முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவருக்கும், அவரைப் போன்ற எத்தனையோ பெற்றோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

இயந்திரத்துக்கு நாம் எதிரிகளா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். இல்லையென்றால் 'மதரஸாவில் ஓதியவருக்குக் கணினியைக் கண்டால் பயம்' என்று சில அதிமேதாவிகள் கிளம்பி விடுவார்கள்.

எங்கள் தலைமுறை ஒலிநாடா கேட்டு வளர்ந்த தலைமுறை. தொண்ணூறுகளில் மேடைப் பேச்சுகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததே கேசட்டில்தான். கடைத் திண்ணைகளில், பேருந்து நிலையங்களில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் சகோதரர்களின் அறைகளில் எல்லாம் அது ஒலித்தது. அந்தக் கருவியின் அருமையை அறியாதவர்கள் அல்லர் நாங்கள்.

ஆனால் நான் பேசக் கற்றது கேசட்டிலா? இல்லை! வியாழக்கிழமை இரவு மதரஸாவில் மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி நடக்கும். முதல் முறை எழுந்து நின்றபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கொண்டது. அதற்கு முன்பு நூறு கேசட்டாவது கேட்டிருப்பேன். ஒன்றும் கை கொடுக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உஸ்தாத், எல்லாரும் போன பிறகு கூப்பிட்டு மூன்றே விஷயம் சொன்னார். கண்ணை மேலே வைக்காதே, முன்னால் இருப்பவரைப் பார். வாக்கியத்தைப் பாதியில் விழுங்காதே. மறந்து போனால் நிறுத்து, உளறாதே. அடுத்த வியாழன் மறுபடியும் ஏற்றி விட்டார். அதற்கடுத்த வியாழனும்! கேசட் எனக்குச் சரக்கைக் கொடுத்தது. பேச்சைக் கொடுத்தது அந்தக் கடைசி வரிசை மனிதர்.

கலப்புமுறைக் கற்றல் என்பதன் உண்மையான பொருளும் இதுதான். இயந்திரம் செய்யக் கூடியதை இயந்திரத்திடம் விட்டு விடு. மனிதன் மட்டுமே செய்யக் கூடியதற்கு மனிதனின் நேரத்தை ஒதுக்கு. பேராசிரியர் ஆண்டுதோறும் ஒரே குறிப்பேட்டைப் பார்த்து ஒப்பிக்கும் உளவியல் பாடத்தைப் பதிவு செய்து கொடுத்து விடலாம். மாணவி அதை வீட்டில் இரண்டு தடவை பார்க்கலாம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அதனால் மிச்சமாகும் நேரத்தில் அந்தப் பேராசிரியர் அவளோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாம்.

இதில் என்ன தவறு? ஒன்றுமில்லை. இருகரம் நீட்டி வரவேற்கிறோம்.

இது ஒன்றும் நேற்று முளைத்த புதுமையும் அல்ல. 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 'நுண்ணிலைக் கற்பித்தல்' என்ற முறையை ஆரம்பித்தார்கள். ஐந்து, பத்து நிமிடப் பாடம். சில மாணவர்கள் மட்டும். அதை ஒளிப்பதிவு செய்து, மேற்பார்வையாளரும் பயிற்சி மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, குறையைத் திருத்தி, மறுபடியும் நடத்துவது. நம் கல்லூரிகளின் பாடத்திட்டத்திலும் அது இருக்கிறது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நம் நாட்டில் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிச் சோதனை நடந்தது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். அப்போதே தொலைக்காட்சி, வானொலி, கையேடு, செய்முறை எல்லாவற்றையும் இணைத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பெட்டியை மட்டும் வைத்து விட்டுப் போய் விடவில்லை. பக்கத்தில் வழிநடத்த ஓர் ஆளையும் வைத்தார்கள்!

அந்தப் பக்கத்து ஆளைத்தான் இன்று காணவில்லை.

34 என்று எழுதிய பிள்ளை

'பாடம் நடத்தத் தெரிந்தால் போதும், பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்துதான் கற்க வேண்டுமா?' என்று கேட்கிறவர்களுக்கு ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன். 43இல் 17 போனால் மீதி என்ன? 26. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை 34 என்று எழுதுகிறது. ஏன்?

'கவனக் குறைவு' என்று சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து விட்டுப் போகிறவர் ஆசிரியர் அல்லர். அந்தப் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது! 3இல் 7 போகாது என்று கண்டதும், திருப்பிப் போட்டு 7இல் 3 போக 4 என்று எழுதியிருக்கிறது. அடுத்து 4இல் 1 போக 3. ஆக 34. அதன் மனதில் ஒரு விதி இருக்கிறது, 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று. அந்த விதியைக் கொடுத்ததே போன ஆண்டு ஆசிரியராக இருக்கலாம்!

கடன் வாங்கிக் கழிப்பதைக் காணொளி எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் விளக்கட்டும். இந்தப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து, 'கண்ணு, இத எப்படிப் போட்ட, எனக்குச் சொல்லு' என்று பக்கத்தில் குனிந்து கேட்கும் பழக்கம் காணொளியில் வராது. பின்னால் இரண்டு பேர் அடித்துக் கொள்ள, ஒருவன் தண்ணீர் குடிக்கப் போகணும் என்று கையைத் தூக்க, மதிய மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்க, அந்த நிலையில் குனிந்து கேட்க வேண்டும். அதைப் பள்ளியில்தான் பழக முடியும். பழகும்போது, பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் பின்னால் நின்று பார்த்து, பிறகு தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக்கின. அதற்கு முன்பு நாற்பது நாளாக இருந்த கற்பித்தல் பயிற்சியை 20 வாரங்களாக்கின. பாடங்களுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை கட்டாயம் என்றும் எழுதின. தொலைநிலை பி.எட்.டோ, ஏற்கனவே தொடக்கக் கல்விப் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்களுக்கும், மன்றம் அங்கீகரித்த ஆசிரியர் பயிற்சியை நேரில் முடித்தவர்களுக்கும்தான். நேற்று பி.எஸ்ஸி. முடித்த பெண்ணுக்கு அல்ல.

இப்போது அந்தத் துண்டுப் பிரசுரத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

அரசே செய்த கூத்து

'அது ஏதோ தரகர் கும்பல் செய்யும் மோசடி. அரசாங்கம் நடத்தினால் ஒழுங்காக இருக்கும்' என்று நம்புகிறீர்களா? அப்படியானால் இந்த வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2009இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சி பெறாத ஆசிரியர்கள் ஐந்தாண்டுக்குள் தகுதி பெற்றாக வேண்டும் என்றது சட்டம். அந்த ஐந்தாண்டும் ஓடிப் போனது. அரசுகள் குறட்டை விட்டன. 2017 ஆகஸ்டில் திடீரென விழித்துக் கொண்டு சட்டத்தைத் திருத்தி, 2019 மார்ச் 31 வரை கெடுவை நீட்டினார்கள். அதற்குள் முடிக்காவிட்டால் வேலை போய் விடும்!

பள்ளியில் பணியாற்றிக் கொண்டிருக்கும் பல லட்சம் பேருக்கு எங்கே பயிற்சி கொடுப்பது? தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்திடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. தொடக்கக் கல்விப் பட்டயம். பாடங்கள் 'ஸ்வயம்' இணையதளத்தில். 'ஸ்வயம் பிரபா' தொலைக்காட்சியில் ஒளிபரப்பு. இடையிடையே படிப்பு மையங்களில் நேர்முக வகுப்பு. அசல் கலப்புமுறை! 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். இவ்வளவு பெரிய பயிற்சி உண்டா என்று மார் தட்டிக் கொண்டார்கள்.

சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் உழைப்பவர்கள். பகலில் பள்ளி, இரவில் தொலைக்காட்சி, விடுமுறையில் மையம் என்று அலைந்தார்கள். கைக்காசு போட்டுக் கட்டணம் கட்டினார்கள். முடித்தும் விட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் வெட்கக்கேடு! 2019 செப்டம்பரில் பீகார் அரசு கேட்ட கேள்விக்குத் தேசிய ஆசிரியர் கல்வி மன்றம் பதில் எழுதியது. புதிய ஆசிரியர் நியமனத்துக்கு இந்தப் பட்டயம் செல்லாதாம்! காரணம்? விதிப்படி வேண்டியது இரண்டாண்டுப் படிப்பு, இதுவோ 18 மாதம். 18 மாதம் என்று வைத்தது யார்? அந்த ஆசிரியரா? கெடு நெருங்கி விட்டதென்று இரண்டாண்டை ஒன்றரை ஆண்டாகச் சுருக்கியவர்கள் டெல்லியில் இருந்தவர்கள் அல்லவா!

ஆசிரியர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2020 ஜனவரியில் பாட்னா உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உத்தரகாண்ட் உயர் நீதிமன்றமும் அப்படியே. ஆனால் 2023 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், 18 மாதப் பட்டயம் இரண்டாண்டுப் பட்டயத்துக்குச் சமமாகாது என்று சொல்லி விட்டது. இடிந்து போனார்கள். ஓராண்டுக்குப் பிறகு 2024 டிசம்பரில் அதே உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது. 2017 ஆகஸ்ட் 10 அன்று பணியில் இருந்து, 2019 ஏப்ரல் 1க்கு முன் முடித்தவர்களுக்கு அது செல்லும் என்று. போன உயிர் பாதி திரும்பி வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கை நழுவிய வேலைகளை யார் திருப்பித் தருவார்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லி விடுகிறேன். நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது மாதக் கணக்கைப் பற்றித்தான், தொலைக்காட்சியைப் பற்றி அல்ல. ஆனால் சிந்தியுங்கள். நேரில் நடத்தும் இரண்டாண்டுப் படிப்பை யாராவது துணிந்து ஆறு மாதம் வெட்டியிருப்பார்களா? திரை வந்து விட்டது, ஆகவே நேரத்தைக் குறைக்கலாம் என்ற நினைப்பு எங்கே நுழைகிறதோ, அங்கே கலப்பு செத்துப் போய்க் கலப்படம் பிறக்கிறது. இது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கருத்தை விடுங்கள், ஆய்வுக்கு வருவோம். 2010இல் அமெரிக்கக் கல்வித்துறை, இணையவழிக் கற்றல் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. கலப்புமுறைக்கு ஆதரவு பேசுவோர் எல்லாரும் அதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். நேர்முக வகுப்பை விடக் கலப்புமுறையில் படித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே அறிக்கை அடுத்து என்ன சொல்கிறது என்பதை ஏன் மறைக்கிறார்கள்? கலப்புமுறையில் படித்தவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் கற்றல் நேரமும் கூடுதல் பாடப் பொருள்களும் கிடைத்திருந்தன, ஆகவே நல்ல விளைவுக்கு ஊடகம்தான் காரணம் என்று எடுத்துக் கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கிறது!

அங்கே நேரத்தைக் கூட்டினார்கள், பலன் கிடைத்தது. இங்கே நேரத்தைக் குறைத்து விட்டு அதே பலனை எதிர்பார்க்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது?

2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வரைவை வெளியிட்டது. எந்தப் பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம், மீதி நேரில் என்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், போக்குவரத்து வசதியற்ற இடங்களில் இருப்பவர்களுக்கும் பணியில் உள்ள ஆசிரியர்களுக்கும் கலப்புமுறை பி.எட். நடத்தலாம் என்று சொல்லி, அதற்கு வழிகாட்டுதலும் கற்பித்தல் பயிற்சியும் உறுதியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டிருக்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. அது இருக்கட்டும். இந்த நிபந்தனையை மட்டும் கேட்கிறேன். அதை நிறைவேற்ற ஆள் எங்கே? ஒவ்வொரு பயிற்சி மாணவியின் பக்கத்திலும் நிற்கப் போகும் வழிகாட்டி ஆசிரியருக்கு நேரம் யார் கொடுப்பார்? வாரத்துக்கு முப்பது பாடவேளை எடுத்து, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை, புள்ளிவிவரம் ஏற்றும் வேலை எல்லாம் பார்க்கும் அரசுப் பள்ளி ஆசிரியர், பயிற்சிக்கு வந்த பெண்ணின் வகுப்பில் எப்போது போய் உட்காருவார்? 'நீயே பாத்துக்கம்மா' என்று வகுப்பை ஒப்படைத்து விட்டு அலுவலக அறைக்குப் போகிறார். அவரையும் குறை சொல்ல மனமில்லை.

கொரோனா காலத்தில் இதன் உச்சத்தைப் பார்த்தோம். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள் தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் பயிற்சி முடித்தவர்கள் யாருக்குப் பாடம் நடத்திப் பழகியிருப்பார்கள்? அது இறைவன் தந்த சோதனை, வேறு வழியில்லை. ஆனால் ஆபத்துக் காலத்தில் குடித்த கஞ்சியையே அன்றாட உணவாக்கப் பார்ப்பதுதான் கொடுமை!

நம் முதுகையும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்

அரசைத் திட்டுவது எளிது. கைத்தட்டலும் கிடைக்கும். இனி எழுதப் போவதற்குக் கைத்தட்டல் கிடைக்காது என்று தெரியும். சிலர் சந்தாவை நிறுத்தினாலும் நிறுத்தட்டும்.

'வருகை கட்டாயமில்லை' என்ற அந்த வரி யாரைக் குறி வைத்து எழுதப்பட்டது? நம்மைத்தான்! நம் வீட்டுப் பெண் படிக்க வேண்டும், பட்டம் பெற வேண்டும், ஆனால் வாசலைத் தாண்டக் கூடாது என்று நினைக்கும் தகப்பனின் மனதைத் தரகன் நன்றாகப் படித்து வைத்திருக்கிறான். நாம் ஏமாறுவது அவனுடைய சாமர்த்தியத்தால் மட்டும் அல்ல.

அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னார்: "காலம் கெட்டுக் கெடக்கு ஹஜ்ரத். பஸ்ல தனியா அனுப்ப மனசு வரல." அந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். பெண் பிள்ளையைப் பெற்றவனுக்குத்தான் அது தெரியும். ஆனால் நான் திருப்பிக் கேட்டேன்: "பாய், டீச்சர் வேல கெடச்ச பெறகு வீட்ல இருந்தபடியே வேல பாப்பாளா?" அவர் பதில் பேசவில்லை.

பேருந்தில் போய் வரவும், அறிமுகமில்லாத தலைமை ஆசிரியரிடம் நின்று பேசவும், நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கவும் பயிற்சிக் காலத்திலேயே பழகாதவள், வேலைக்குப் போன முதல் நாளில் திடீரென்று பழகி விடுவாளா? எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படித்தான் பதிவேடு வாங்கிப் பட்டம் பெற்றாள். கெட்டிக்காரி. பள்ளி இறுதியில் கணக்கில் முதல் மதிப்பெண். ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். நான்காம் நாள் அழுது கொண்டே வீட்டுக்கு வந்து விட்டாள். பிறகு போகவில்லை. 'அவளுக்குச் சாமர்த்தியம் போதாது' என்று குடும்பமே சொல்கிறது. அநியாயம்! அவளுக்குக் கிடைக்க வேண்டிய 20 வாரத்தைத் திருடிக் கொண்டவர்கள் நல்ல பிள்ளைகளாகத் திரிகிறார்கள்.

அடுத்து, கல்லூரி நடத்தும் நம் சமுதாயத்துச் செல்வந்தர்களுக்கு ஒரு வார்த்தை. 'சமுதாயக் கல்விக்காக' என்று நன்கொடை வாங்கிக் கட்டடம் கட்டினீர்கள். இப்போது கலப்புமுறை என்று சொல்லிப் பாதி விரிவுரையாளர்களைக் கழற்றி விடத் திட்டமிடுவோர் உங்களில் இல்லையா? ஒரே காணொளியை ஐந்து ஆண்டு ஓட்டலாம், சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடுவோர் இல்லையா? 40 சதவீதத்தைத் திரைக்குத் தள்ளினால், அந்த 40 சதவீத நேரமும் உங்கள் விரிவுரையாளர்கள் பள்ளிகளில் இருக்க வேண்டும். உங்கள் மாணவிகளின் பாடத்தைப் பதிவு செய்து, அவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைச் செய்தால் நாங்களே மேடை போட்டு உங்களைப் பாராட்டுகிறோம். செய்யாமல் ஆளைக் குறைத்தால், அதையும் மேடை போட்டே சொல்வோம்.

சேருவதற்கு முன் கேளுங்கள்

பெற்றோர்களே, சகோதரிகளே! எந்தக் கல்லூரியாக இருந்தாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் நேரடிப் படிப்பா, தொலைநிலையா என்று எழுதியிருக்கும். அதையும் படியுங்கள். பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள், எத்தனை வாரம், அங்கே வந்து பார்ப்பவர் யார், எத்தனை முறை வருவார் என்று கேளுங்கள். பாடம் இணையத்தில் என்றால் கைப்பேசி இல்லாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். நம் வீடுகளில் ஒரே கைப்பேசியை அண்ணனும் தம்பியும் பங்கு போட்ட பிறகுதான் பெண்ணின் கைக்கு வருகிறது. அதுவும் பேட்டரி தீரும் நேரத்தில்!

துண்டுப் பிரசுரத்தில் இருந்த எண்ணை நானே அழைத்தேன். பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். 'சார்', 'சார்' என்று கட்டணத் தவணை எல்லாம் விளக்கினார். "டீச்சிங் பிராக்டிசுக்கு எந்த ஸ்கூலுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்." "ஸ்கூல் பேரு சொல்லுங்க, நான் ஒரு தடவ போய்ப் பாக்குறேன்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை.

அந்தப் பெரியவர் இப்போது சம்மதித்து விட்டார். நேரில் வகுப்பு நடத்தும் கல்லூரி எங்கள் ஊரிலிருந்து 22 கிலோமீட்டர். விசாரித்ததில் அதே பாதையில் போக வேண்டிய பெண்கள் இன்னும் நான்கு பேர் இருப்பது தெரிந்தது. ஒரு வேன் பேசியிருக்கிறோம். வாடகையில் பாதியை மஹல்லா கல்வி நிதியிலிருந்து கொடுப்பதா, முழுவதையுமா என்று வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஜமாஅத் கூட்டத்தில் பேச இருக்கிறோம். வேனில் இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது.